தர்மாஸ்பத்திரி: யார் தர்மம்? யாருக்கு?

மிஷன் ஆஸ்பத்திரிகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள் தோழர்களே. பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான். முன்வரிசையில் நாற்காலி போட்டு வெள்ளைக்கார டாக்டர், அவர் மனைவி, ஆயர், கோட்டுப் போட்ட நம்மூர் டாக்டர்கள் இரண்டு மூன்று பேர். கீழே இடமிருந்து வலமாக அவர்கள் பெயர்கள். பின்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஆயாக்கள், வார்டு வேலையாட்கள், துப்புரவு செய்கிறவர்கள், சமையல்காரி. இவர்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு வரி: 'ஆஸ்பத்திரி ஊழியர்கள்.'

என் பாட்டி அப்படி ஒரு படத்தில் பின்வரிசையில் நிற்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அது ஒரு ஆஸ்பத்திரியின் குற்றமாகச் சுருங்கிப்போகும். முப்பது வருஷம் அங்கே ஆயா. புண் கழுவினாள், பீ மூத்திரம் அள்ளினாள், பிள்ளைப்பேற்றுத் துணி அலசினாள், செத்தவர்களைக் குளிப்பாட்டினாள். கடைசிக் காலத்தில் அவளுக்கே மூச்சு முட்டி, அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் பெட் பாக்கலாம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அவர் தலைக்கு மேலே சுவரில், பாரம் சுமக்கிறவர்களை அன்போடு கூப்பிடும் வேத வசனம். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மக்ளே, நான் கழுவின தரைதான இது. என்னைய ஒருத்தருக்கும் தெரியல்லியே."

ஏன் தெரியவில்லை? மறதியா? இல்லை. எழுதும்போதே விட்டுவிட்டார்கள். எப்படி விட்டார்கள் என்பதற்கு ஒரு ஆஸ்பத்திரியின் வரலாற்றை எடுத்துப் பார்ப்போம்.

*

கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர். (என் பாட்டி வேலை பார்த்தது அங்கே அல்ல.) அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். 1838-ல் லண்டன் மிஷன் சங்கத்தின் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்தார், மருந்து கொடுத்தார், ஆஸ்பத்திரி பிறந்தது. வழக்கமான வரலாறு இப்படித்தான் தொடங்கும். சரி, ராம்சே வந்து நிற்க ஒரு வாசல் இருந்ததே, அதைத் திறந்து வைத்தது யார்?

மயிலாடி மகாராசன். பறையர். சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் வந்தார். எங்கள் பக்கம் ஒரு போதகர் வேண்டும் என்று விடாமல் கேட்டார். அவர் கேட்டதனால்தான் 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-ல் அங்கே கோயில் எழும்பியது. 1816-ல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனபோது சபையை வேதமாணிக்கம் கையில்தான் கொடுத்துப் போனார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வருகிறவரைக்கும் நடத்தியவர் அவர்தான். ஆக, தென் திருவிதாங்கூர் சீர்திருத்தச் சபை ஒரு பறையரின் முற்றத்தில் தொடங்கியது. அந்தச் சபை பெற்ற பிள்ளைதான் ஆஸ்பத்திரி. இதை ஆஸ்பத்திரி வரலாற்றின் முதல் பக்கத்தில் எழுத என்ன தயக்கம்?

மீட் 1828-ல் நெய்யூருக்குக் குடிபெயர்ந்தார். மிஷன் நிலையத்தை அங்கே வளர்த்தவர் அவர். 1850-களின் தொடக்கத்தில் அவர் பறையர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணைத் திருமணம் செய்தார். அவ்வளவுதான். கூட வேலை பார்த்த மிஷனரிகளுக்கே பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மிஷனைவிட்டு மீட் வெளியேற வேண்டி வந்தது. 'சாதி இல்லை' என்று பிரசங்கம் செய்த இடத்தில், நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிய வெள்ளைக்காரனுக்கே இடமில்லை. அப்புறம் நமக்கு எங்கே இடம்?

*

ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டோம். அந்த ஆஸ்பத்திரி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்ததே 1855-ல்தான். நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ள அடியும் உதையும் பட்டுப் போராடி, 1859-ல் ராஜா அனுமதித்தார். அதிலும் 'மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது' என்று ஒரு முடிச்சு. புலையரும் பறையரும் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்த நாடு. வைத்தியர் எட்ட நின்று நோவைக் கேட்டுவிட்டு, மருந்தைத் தரையில் வைத்துவிட்டுப் போவார் என்று எங்கள் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த நாட்டில் ஒருவர் நம் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கட்டியைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். அது வெறும் வைத்தியமா? மனுதர்மத்தின் கன்னத்தில் விழுந்த அறை அது. பார்ப்பனரும் பறையரும் ஒரே கூடத்தில் மருந்துக்குக் காத்திருந்ததை மிஷன் அறிக்கைகள் பெருமையாக எழுதின. பெருமைதான். ஆனால் யாருடைய பெருமை? பார்ப்பனர் வந்து உட்கார்ந்தது வலி தாங்காமல். பறையர் வந்து உட்கார்ந்தது அடிக்குத் துணிந்து. தடுக்கப்பட்ட ரோட்டில் நடந்து, ஊருக்குள் நுழைந்து, ஊர்க்காரன் கண்ணெதிரே அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தானே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு வரி உண்டா?

இன்னொன்று. 1861-ல் வந்த டாக்டர் ஜான் லோ, இந்த மண்ணின் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். ராஜாவின் சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது? ஈழவரான பத்மநாபன் பல்புவுக்குத் திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் கொடுக்கவில்லை. அவர் மெட்ராஸ் போய்ப் படித்து டாக்டராகத் திரும்பினார். வேலையும் கொடுக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் வேலை கொடுத்தது. ஈழவ டாக்டருக்கே இந்தக் கதி. 1896-ல் பல்பு 13,176 கையெழுத்தோடு ஈழவர் மகஜர் கொடுத்தும் ராஜாவின் மனம் இளகவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம் என்றால், இன்றைக்குக் காவிக் கும்பல் ஒரு பாட்டைப் பாடுகிறது: 'ஊசி போட்டு மதம் மாத்தினான்.' அய்யா, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் தர்மராஜ்யத்தில் தாழ்த்தப்பட்டவனைத் தொட ஒரு கை இருந்ததா? படித்த கையையே துரத்திவிட்டீர்களே! மருந்துக்காக மதம் மாறினான் என்கிறீர்கள். ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். செத்துப் போகாமல் இருக்க அவன் மதம் மாற வேண்டியிருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியது அவனா, நீங்களா?

*

காவிக்காரனுக்குப் பதில் சொல்வது எளிது. நமக்குள்ளே இருக்கிற சபைக்காரருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அவர் 'இரக்கம்' என்கிறார், 'தியாகம்' என்கிறார். அங்கேதான் நம்மை வாயடைக்க வைக்கிறார்.

ஹோவார்டு சாமர்வெல் கதையை எல்லா மேடையிலும் சொல்வார்கள். நல்ல கதைதான். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் வந்தார். கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்துக் கிடக்க, ஒரே ஒரு சர்ஜன் தனியாகத் திண்டாடுவதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை உதறிவிட்டு, 1923-ல் நெய்யூரில் வந்து உட்கார்ந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே கத்தி பிடித்தார். மறுக்கவில்லை; தலை வணங்குகிறோம்.

ஆனால் அதே 1922-ல், எவரெஸ்டில் ஜூன் 7-ஆம் தேதி பனி சரிந்தது. செத்தவர்கள் 7 பேர். ஏழு பேரும் சுமை தூக்கிகள். வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லை. இது என்ன நியாயம் என்று சாமர்வெல்லே மனம் நொந்து பின்னால் எழுதினார். அவருக்கு உறுத்தியது. அவர் பேரில் விழா எடுக்கிறவர்களுக்கு உறுத்தவில்லை. மலை ஏறியவன் பேர் நிற்கிறது, மூட்டை சுமந்தவன் பேர் பனியோடு போகிறது. ஆஸ்பத்திரியும் அப்படி ஒரு மலைதான். அறுத்தவர் பேர் கல்வெட்டில். அறுத்த பிறகு இரவெல்லாம் சீழ் துடைத்தவள் பேர்?

நர்ஸ் வேலையைத் தீட்டு என்று மேல்சாதிகள் ஒதுக்கிய காலத்தில், அந்த வேலைக்கு வந்தவர்கள் யார்? ஏழைக் கிறிஸ்தவப் பெண்கள், விதவைகள், சேரிப் பெண்கள். அதே காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் மேல்சாதி நோயாளிக்குத் தனி அறை, தனிச் சமையல் கொடுத்து உள்ளே சேர்த்தார்கள். 'இல்லாவிட்டால் வரமாட்டார்களே' என்று சமாதானம். தீட்டை உடைக்கக் கட்டிய வீட்டிலேயே தீட்டுக்கு ஒரு அறை! அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியதும் நம்ம ஆட்கள்தான்.

*

'பழங்கதை எதற்கு?' என்பார்கள். பழங்கதை இல்லை.

1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தாழ்த்தப்பட்டவரைப் பட்டியலிலிருந்து தள்ளியது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் உள்ளே எடுத்தார்கள். தலித் கிறிஸ்தவருக்கு மட்டும் ஆணையம் மேல் ஆணையம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொல்லியும், 2022-ல் திரும்பவும் ஒரு ஆணையம்.

சர்க்கார் தள்ளியது. சபை அணைத்துக்கொண்டதா? 2005-ன் 93-ஆவது திருத்தம் தனியார் கல்லூரியிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர வழி திறந்தது. சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. சிறுபான்மை உரிமையை நாம் எதிர்க்கவில்லை. காவிக்காரனிடமிருந்து அதைக் காக்கத் தெருவுக்கு வருவோம். ஆனால் அந்தக் கேடயத்துக்குப் பின்னால் யார் குந்தியிருக்கிறார்கள்? கோயிலில் எண்ணிக்கை காட்ட நாம் வேண்டும். மெடிக்கல் சீட்டு, ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு என்று வந்தால் 'தகுதி' பேசுவார்கள். சர்க்கார் நம்மைக் கிறிஸ்தவன் என்று தள்ளுகிறது. சபை நம்மைப் பறையன் என்று தள்ளுகிறது.

'வெளிநாட்டுப் பணம் வற்றிப்போச்சு, சம்பளம் கொடுக்கணும், மிஷின் வாங்கணும், கட்டணம் வாங்காமல் முடியாது' என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் கட்டணம் வாங்குவதா வேண்டாமா என்பதல்ல நம் கேள்வி. யாரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள், யாருக்கு விடுகிறீர்கள், அதை யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? தர்மத்தின் பேரில் நிலம் வாங்கினீர்கள், வரிவிலக்கு வாங்கினீர்கள். கணக்கைக் காட்டுங்கள்.

எனவே நாம் கேட்பது:

1. சபை நடத்தும் மருத்துவ, நர்சிங் கல்லூரிகளில், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தலித் கிறிஸ்தவருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம்.

2. நிர்வாகக் குழுவில் நம்மவர். கடைநிலை ஊழியர்களின் பிரதிநிதியும் சேர்த்து.

3. காலமெல்லாம் உழைத்த ஆயாவுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும், அவர்கள் குடும்பத்துக்கும் சாகும்வரை இலவச சிகிச்சை.

4. இலவசப் படுக்கை எத்தனை, யாருக்குக் கிடைத்தது என்று வருஷா வருஷம் வெளிப்படையான கணக்கு.

5. அடுத்த மலரில் பின்வரிசைக்கும் பெயர்.

மாணவத் தோழர்களே, அய்ந்தாவது கோரிக்கைக்கு யாரிடமும் மனுப் போட வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த கிழவி இன்னும் உயிரோடு இருப்பாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். யார் யார் இருந்தார்கள், என்ன கூலி, எங்கே படுத்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவள் போவதற்குள் எழுதுங்கள்.

'தர்மாஸ்பத்திரி' என்று நம்ம ஜனங்கள் வாய் நிறையச் சொல்வார்கள். அந்தச் சொல்லை இனி நாம் திருப்பிப் படிப்போம். குறைந்த கூலிக்கு முப்பது வருஷம் புண் கழுவினாளே ஒருத்தி, அவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போட்டது தர்மம். வாங்கித் தின்றவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.