உல்ஃப்ரிக் சொல்வது ‘நாம்’ அல்ல, ‘நாங்கள்’

நீண்ட பதிவு. ‘ஸ்கைரிம்’ ஆடியவர்களுக்கென எழுதத் தொடங்கினேன். ஆடாதவர்களுக்கும் விளங்கும் என்றே நம்புகிறேன்.

2011 நவம்பர் 11 அன்று பெதெஸ்டா வெளியிட்ட அவ்விளையாட்டில் டிராகன்களைக் கொன்று முடித்தவர்கள்கூட இன்றுவரை தீர்க்காத வழக்கு ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரில் யார் பக்கம் நிற்பது? ஜெனரல் டல்லியஸ் தலைமையிலான பேரரசுப் படையின் பக்கமா, விண்ட்ஹெல்மின் தலைவன் உல்ஃப்ரிக் திரட்டிய ஸ்டார்ம்க்ளோக் கிளர்ச்சியாளர் பக்கமா? அண்மையில் நண்பர்கள் சிலரின் பதிவுகளில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. ஒரு சாரார், தன்மானம் உள்ளவர் உல்ஃப்ரிக்கைத் தவிர வேறெவரையும் ஆதரிக்க இயலாது என்றனர். மறுசாரார், இரு தரப்பும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், ஆகவே ஒதுங்கி நிற்பதே அறிவுடைமை என்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் பிழையானவை என்பதே என் வாதம்.

முதலில் ஓர் ஒப்புதல். முதன்முறை ஆடியபோது நானும் உல்ஃப்ரிக்கின் பக்கமே நின்றேன். காரணம் எளிது. தொலைவிலிருந்து ஆளும் பேரரசு, அது ஒப்பமிட்ட உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்ட மண்ணின் தெய்வம், அதை எதிர்த்து வாளேந்தும் ஒரு தலைவன். இக்கதையமைப்பைக் கண்டதும் நம்மில் பலருக்கு நரம்பு முறுக்கேறுகிறது. நம்மூர் அரசியலை அதன்மேல் போர்த்திவிடுகிறோம். போர்த்திய பின்னர் அடியில் இருப்பது தெரிவதில்லை.

அடியில் இருப்பது இது. விண்ட்ஹெல்ம் நகருள் முதன்முறை நுழைகையில் நாம் காண்பது, நார்டு இனத்தார் இருவர் ஒரு டன்மர் பெண்ணை வழிமறித்து வசைபாடும் காட்சி. டன்மர்கள் அங்கே வந்தேறிய ஏதிலியர். நான்காம் யுகம் 5ஆம் ஆண்டில் செம்மலை வெடித்துத் தாயகம் சிதைந்தபின் வந்தவர்களின் வழியினர். தலைமுறைகள் கடந்தும் அவர்கள் வாழ்விடம் சாம்பல் குடியிருப்பு என்னும் சேரிதான். ஆர்கோனியர்களுக்கு அதுவும் இல்லை. நகர மதிலுக்குள் குடியிருக்க இசைவின்றித் துறைமுகத்தில் சுமை இழுத்துக் கிடக்கிறார்கள். இவற்றுள் எதையும் பேரரசு உல்ஃப்ரிக்கின் தலையில் கட்டவில்லை. தன் நகரில், தன் அரண்மனைக்குக் கூப்பிடு தொலைவில், தன் அதிகாரத்தின்கீழ் அவன் நடத்தும் ஆட்சி இது.

இங்கே என் துறை சார்ந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல் கேட்பவரை உள்ளடக்குகிறதா, விலக்குகிறதா என்பதைக் காட்டாது. தமிழ் அவ்வாறு மழுப்ப விடாது. கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. ஸ்டார்ம்க்ளோக்குகளின் வீர உரைகளைத் தமிழாக்க முனைபவர் ஒவ்வொரு வரியிலும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். சாம்பல் குடியிருப்பின் டன்மரை எதிரில் நிறுத்திக்கொண்டு அவ்வுரைகளை மொழிபெயர்த்துப் பாருங்கள். ஓரிடத்திலும் ‘நாம்’ பொருந்தாது. ஸ்கைரிம் நார்டுகளுக்கே உரியது என்பது அவர்களுடைய போர்முழக்கம். அதன் இலக்கணம் தொடக்கம் முதலே ‘நாங்கள்’.

அவ்வுரிமைக்கோரலாவது வரலாற்றின்முன் நிற்குமா என்றால், அதுவும் இல்லை. நார்டுகளின் முன்னோர் அட்மோராவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் பனி எல்ஃபுகள். இஸ்கிரமோரின் ஐந்நூற்றுவர் படை அவர்களை வேரறுத்தது. தப்பியோர் நிலத்தடியில் டுவெமரிடம் தஞ்சம் புகுந்து, அதற்கு விலையாகக் கண்களை இழந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே குகைகளில் நாம் வெட்டி வீழ்த்தும் ஃபால்மர். மண்ணின் மைந்தர் வாதத்தை முன்வைப்போர் இக்குகைகளுக்குள் இறங்கி அதே வாதத்தை ஒருமுறை உரக்கச் சொல்லட்டும்.

மேற்கே ரீச் நிலப்பகுதியிலும் இதே கதை. பெரும்போரின் குழப்பத்தில் மார்கார்த் நகரை அம்மண்ணின் பழங்குடிகளான ரீச் மக்கள் மீட்டு ஆண்டனர். 176ஆம் ஆண்டில் அவர்களை ஒடுக்கி நகரைப் பறித்தவன் இதே உல்ஃப்ரிக். அவன் அப்போது எத்தனை கொடுமை இழைத்தான் என்பதைப் பேரரசின் சார்புடைய நூல்வழியே அறிகிறோம். ஆதலால் அதை அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். நகரைப் பறித்தான் என்பதோ இரு தரப்பும் மறுக்காத செய்தி. அந்நியரிடமிருந்து தாயகத்தை மீட்பது அறமெனில், அவ்வறம் மார்கார்த்தில் உல்ஃப்ரிக்குக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

இனி என் தரப்பின் குற்றப்பட்டியலையும் நானே வாசித்துவிடுகிறேன். ஹெல்கனில், பட்டியலில் பெயரில்லாத நம்மைப் பட்டியல் எதற்கு என்று தள்ளிவிட்டுக் கொலைக்களத்துக்கு அனுப்பியது பேரரசின் அதிகாரிதான். வெண்பொன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு டாலோஸ் வழிபாட்டைக் கைவிட்டது பேரரசுதான். அதனைக் காட்டித் தால்மோர் காவலர் வழிபடுவோரை இழுத்துச் செல்வதும் அதன் விளைவே. ரிஃப்டனைப் பேரரசு கைப்பற்றினால் அரியணையில் அமர்வது, ஊரின் திருட்டுக் கும்பலைக் கைக்குள் வைத்திருக்கும் மேவன் பிளாக்பிரையர். காஜித் வணிகர்களோ எவருடைய நகரிலும் வாயிலுக்கு வெளியேதான் கூடாரமடிக்கிறார்கள். பேரரசு ஆளும் சாலிட்யூடும் அதற்கு விதிவிலக்கன்று. இவற்றுள் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

கிளர்ச்சியாளருக்குச் சார்பான வலுவான வாதம் ஒன்றும் உண்டு. ஹாமர்ஃபெல் வெண்பொன் உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. பேரரசின் துணையின்றித் தனித்துப் போரிட்டு, 180ஆம் ஆண்டில் எல்ஃபுகளைப் பின்வாங்கச் செய்தது. ஸ்கைரிமும் ஏன் அவ்வாறு நிற்கக்கூடாது? நியாயமான வினாதான். ஆயினும் ஹாமர்ஃபெல் வாளுயர்த்தியது ஆல்ட்மெரி ஆதிக்கத்தின்மீது. உல்ஃப்ரிக் உயர்த்தியதோ தன் அரசன் டோரிக்கின்மீதும், எதிர்ப்பட்ட சக நார்டுகளின்மீதும். ஹெல்கனில் நமக்கு வழிகாட்ட முன்வரும் ஹாட்வாரும் ராலோஃபும் ரிவர்வுட் என்னும் ஒரே சிற்றூரின் பிள்ளைகள். இப்போர் அவர்களை எதிரெதிர் அணிகளில் நிறுத்தியிருக்கிறது. தால்மோர் தூதரகத்தில் கிடைக்கும் உல்ஃப்ரிக் பற்றிய கோப்பைப் படித்தவர்கள் அறிவார்கள்: எதிரி விரும்புவது இப்போர் நீள்வதைத்தான். கிளர்ச்சி வெல்வதைக்கூட அவர்கள் விரும்பவில்லை. முடிவின்றி நீள்வதே அவர்களுக்கு இலாபம்.

நடுநிலையாளர்களுக்கான என் விடையும் அக்கோப்பிலேயே இருக்கிறது. விளையாட்டில் நீங்கள் எத்தரப்பிலும் சேராவிட்டால் போர் முடிவதில்லை, உறைந்து நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊர்சுற்றி வந்தாலும் முகாம்கள் அதே இடத்தில் இருக்கும். அதாவது, உங்கள் ஒதுங்கல் நிகழ்த்துவது தால்மோர் வேண்டிய அதே விளைவை. ஹை ஹ்ரோத்கரில் சமாதானப் பேச்சுக்கு இரு தரப்பையும் அமர்த்தும்போது நடுநிலையின் முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மார்கார்த்தும் ரிஃப்டனும் அம்மேசையில் பண்டங்களாகக் கைமாறுகின்றன. தால்மோர் தூதருக்கு அங்கே நாற்காலி கேட்கப்படுகிறது. ரீச் மக்களுக்கு நாற்காலி வேண்டும் என்று சொல்ல ஓர் உரையாடல் தேர்வுகூட நமக்குத் தரப்படவில்லை. இரு வலியோருக்கு நடுவே நிற்பவர், மேசைக்கு வெளியே நிற்பவரைக் காண்பதில்லை.

அப்படியெனில் ஏன் பேரரசு? அது நல்லது என்பதற்காக அன்று. அதன் உரிமைக்கோரல் ஓர் இனத்தின் பெயரால் எழுவதன்று என்பதற்காக. பேரரசு சொல்லும் ‘நாம்’ பெரும்பாலும் பொய். ஆனால் பொய்யான ‘நாம்’ ஒன்றை, சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று பிடித்து உலுக்கலாம். ‘நாங்கள்’ என்று மெய்யாகவே சொல்பவனிடம் கேட்பதற்கு எதுவுமில்லை; அவன் தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறான். பேரரசு விண்ட்ஹெல்மைக் கைப்பற்றினால் பொறுப்பேற்பவர் பிரன்வுல்ஃப் ஃப்ரீவின்டர். டன்மருக்காக நார்டுகளிடையே குரல்கொடுத்த நார்டு. அவர் வந்ததும் சாம்பல் குடியிருப்பு மாளிகையாகிவிடுவதில்லை. ஆயினும் முறையிட ஒரு கதவு கிடைக்கிறது. நான் தேர்ந்தது அக்கதவை.

எந்த இனத்தவராக ஆடினாலும் உல்ஃப்ரிக் நம்மைச் சேர்த்துக்கொள்கிறானே என்று கேட்பார்கள். ஆம், உயர் எல்ஃபாக ஆடினாலும் சேர்த்துக்கொள்கிறான். டிராகனை வீழ்த்தவல்ல ஒருவருக்குத் திறக்கும் கதவு அது. சுமை இழுக்கும் ஆர்கோனியனுக்கு அது திறந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பயன்படுவோரை மட்டும் ஏற்பதற்கு விருந்தோம்பல் என்று பெயரில்லை.

விளையாட்டுதானே, இதற்கு இத்தனை சினமா என்பவர்களுக்கு: தமிழகத்துக்கு வெளியே ஆய்வு செய்யும் நான், வாடகை வீடு தேடிய நாட்களில், எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தருவோம் என்ற விடையைப் பலமுறை கேட்டவள். சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் மண்ணை நேசித்த எளிய மனிதர்கள். அந்நாட்களில்தான் ஸ்கைரிமை இரண்டாம் முறை ஆடினேன். விண்ட்ஹெல்ம் வாயிலில் அந்த டன்மர் பெண்ணை வழிமறித்தவர்களின் குரல் இம்முறை எனக்குப் புதிதாக இல்லை.

போரின் தொடக்கத்தில், முள்முடியைத் தேடி எடுத்தபின், அதனை எத்தரப்பிடம் ஒப்படைப்பது என்று மாற்றிக்கொள்ள விளையாட்டு ஒரு கடைசி வாய்ப்பைத் தருகிறது. அதன்பின் திரும்ப வழியில்லை. முடி இப்போது உங்கள் கையில் இருப்பதாகக் கொள்ளுங்கள். விண்ட்ஹெல்முக்கு எடுத்துச் செல்பவர்கள் அரண்மனைக்கு நேரே போகாமல், சாம்பல் குடியிருப்பின் வழியாக ஒருமுறை நடந்து போங்கள். அங்கே எதிர்ப்படுபவரிடம் உல்ஃப்ரிக்கின் வெற்றியைப் பற்றிப் பேசுங்கள், தமிழில். ‘நாம் வென்றோம்’ என்று உங்களால் சொல்ல முடிந்தால் இப்பதிவை நானே நீக்கிவிடுகிறேன்.