கேட்பது குற்றமா?

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதப் பழகும் வாலிபர்கள் தங்களுக்கு ஏற்பட்ட சந்தேகத்தை யாரிடமாவது போய்க் கேட்டால், அவர்களுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இரண்டு விதமாகவே இருக்கிறது. ஒன்று, "இதுகூடத் தெரியாத நீ எதற்காக இந்தப் படிப்புக்கு வந்தாய்?" என்பது. மற்றொன்று, "இந்தா, இதை அப்படியே எழுதிக்கொள், வேலை நடக்கும், ஏன் என்று கேட்காதே" என்பது. முதலாவது வசவு, இரண்டாவது விபூதிப் பிரசாதம். இந்த இரண்டினாலும் கேட்டவனுக்கு ஒரு கடுகளவு அறிவாவது வளருவதற்கு இடமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

"இது கம்ப்யூட்டர்காரர்கள் பாடு, சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்டவனை இழிவுபடுத்துவதும், காரணம் சொல்லாமல் மந்திரம் ஓதிக் கொடுப்பதும் இந்த நாட்டில் நேற்று முளைத்த வழக்கங்கள் அல்ல. வேதத்தை வேண்டுமென்று காதால் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றவேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. தானாகவே வில்வித்தை கற்றுக்கொண்ட வேடப் பையனிடம் கட்டைவிரலைக் காணிக்கை வாங்கிய துரோணரைப் பெரிய குரு என்று பாரதம் கொண்டாடுகிறது. இன்றைக்கு ஈயம் காய்ச்சுவாரும் இல்லை, கட்டைவிரல் கேட்பாரும் இல்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் நாற்பது பேர் மத்தியில் "உனக்கெல்லாம் இது வராது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த ஈயம் செய்த வேலையை இந்த வார்த்தையே செய்து முடித்துவிடுகிறது. ஆகவேதான் இதைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று.

சிறிது நாளைக்கு முன் ஒரு வாலிபர் நம்மிடம் வந்தார். தகப்பனார் நெசவுக் கூலி. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவர் அவர்தான் முதல். பணம் கட்டிப் பைத்தான் என்னும் பாஷையைக் கற்று வந்தார். தகப்பனாருடைய கூலியைக் கணக்குப் பார்ப்பதற்கு அவராகவே ஒரு சிறு புரோகிராம் எழுதினார். முதல் நாள் கூலி 250, இரண்டாம் நாள் கூலி 300 என்று கொடுத்துக் கூட்டச் சொன்னால், 550 என்று வரவேண்டியதற்குப் பதிலாக 250300 என்று வந்தது. உபாத்தியாயரிடம் காட்டினார். அவர் வகுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அடிப்படையே தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்வது?" என்றாராம். பக்கத்தில் இருந்த ஒரு மாணவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டவுடன் 550 வந்தது. மறுநாள் வேறொரு கணக்கில் அதே பிழை திரும்பவும் வந்தது. அன்றைக்கே அவர், "இது நமக்கு விதித்ததல்ல" என்று படிப்பை விட்டுவிட நினைத்துவிட்டார்.

இப்போது அந்தப் பிழையைத்தான் பார்ப்போமே. பைத்தானில் ஒருவர் தட்டி உள்ளே அனுப்புகிற எதையும், இன்புட் என்னும் கட்டளை, எண்ணாக அல்லாமல் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுகிறது. கூட்டல் குறிக்கு அந்தப் பாஷையில் இரண்டு வேலைகள். எண்கள் இருந்தால் கூட்டும். எழுத்துகள் இருந்தால் ஒட்டும். 250 என்று எழுதிய சீட்டையும் 300 என்று எழுதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் 250300 என்றுதானே கண்ணுக்குத் தெரியும்? யந்திரம் அதைத்தான் செய்தது. இண்ட் என்னும் கட்டளையைக் கொண்டு எழுத்தை எண்ணாக மாற்றிவிட்டுப் பிறகு கூட்டினால் சரியாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லுவதற்கு ஐந்து நிமிஷம்கூட வேண்டியதில்லை.

இதைக் காரணத்தோடு சொன்னபோது அந்த வாலிபர் என்ன செய்தார் தெரியுமா? "அப்படியானால் கூலி 250 ரூபாய் 50 பைசாவாக இருந்தால் இண்ட் என்ன செய்யும்?" என்று அவரே கேட்டார். செய்து பாருங்கள் என்றோம். 250.50 என்று கொடுத்தார். வேல்யூ எரர் என்று வந்தது. பின்னப் புள்ளி உள்ள எண்ணுக்கு வேறு கட்டளை வேண்டும் என்று தெரிந்துகொண்டு, ஃப்ளோட் என்பதைப் போட்டுச் சரி செய்தார். அதன் பிறகு 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பார்த்துவிட்டு, 0.30000000000000004 என்று வருகிறதே, இது என்ன அநியாயம் என்றார். ஒன்றை மூன்றால் வகுத்தால் நம்முடைய தசமக் கணக்கில் 0.333 என்று முடிவில்லாமல் போவதுபோல், பத்தில் ஒன்று என்பது இரண்டையே அடியாகக் கொண்ட கம்ப்யூட்டர் கணக்கில் முடிவு பெறாது. ஆகையால் அது கிட்டத்தட்ட ஒரு எண்ணைத்தான் வைத்துக்கொள்ளுகிறது என்று சொன்னோம். "அப்படியானால் கூலியைப் பைசாவாகவே முழு எண்ணில் வைத்துக்கொண்டால் தகராறு இல்லையே!" என்றார். படிப்பை விட்டுவிட இருந்தவர், காரணம் ஒன்றைச் சொன்ன மாத்திரத்தில், மேற்கொண்டு மூன்று காரணங்களைத் தேடிப் போய்விட்டார். இரண்டு வரியை இனாமாகக் கொடுத்த தோழர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார். என்றாலும் அந்த இரண்டு வரியால் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிற்க, பிழைச் செய்தி என்றால் நம்மவர்களுக்கு ஏற்படும் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகிற ஆசாமிகள், அது சிவப்பு எழுத்தில் ஏதாவது சொல்லிவிட்டால், சனி பிடித்தவர்கள்போல் நடுங்குகிறார்கள். யந்திரத்தை மூன்று தரம் அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். எங்கோ கண்ட நாலு வரியை அர்த்தம் தெரியாமல் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செருகிப் பார்க்கிறார்கள். இதற்கும் பரிகாரச் சடங்குக்கும் என்ன வித்தியாசம்? யந்திரத்துக்குக் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. அது சொல்லுகிற செய்தியில் எந்த வரியில் தடை ஏற்பட்டது, எந்த ஜாதித் தடை என்பது எழுதியிருக்கிறது. பைத்தானில் பெரும்பாலும் கடைசி வரியைத்தான் முதலில் வாசிக்கவேண்டும். நேம் எரர் என்றால் அந்தப் பெயரை இதற்கு முன் நீ அறிமுகப்படுத்தவில்லை என்று பொருள். எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். இண்டென்டேஷன் எரர் என்றால் வரியின் முன்னால் விடவேண்டிய இடைவெளி சரியாக இல்லை என்று பொருள். 2021ஆம் வருஷம் வெளியான 3.10ஆம் பதிப்பு முதற்கொண்டு, திறந்த அடைப்புக்குறியை நீ மூடவே இல்லை என்பதைக்கூட அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இவ்வளவு சொல்லும் யந்திரத்தைச் சாபம் இடுவதாக நினைத்தால் தப்பு யாருடையது?

1947ஆம் வருஷம் செப்டம்பர் 9ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் மார்க் 2 என்னும் கணக்கு யந்திரம் கோளாறு செய்தது. அங்கே இருந்தவர்கள் திருஷ்டி கழிக்கவில்லை. யந்திரத்தைத் திறந்து தேடினார்கள். ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி எழுதி வைத்தார்கள். 1949இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கம்ப்யூட்டரை ஓடச்செய்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர், தம் வாழ்நாளில் மிச்சமுள்ள காலத்தில் பெரும் பாகம் தம்முடைய புரோகிராம்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று அந்தக் காலத்திலேயே தமக்குப் பட்டுவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். யந்திரத்தைக் கட்டியவருக்கே பிழை வருமானால், நேற்றுப் பழக வந்த பையனுக்குப் பிழை வந்ததில் என்ன அவமானம் இருக்கிறது?

பைத்தான் என்னும் இந்தப் பாஷையைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஹாலந்து தேசத்தவரான குவிடோ வான் ராஸம் என்பவர் 1991இல் வெளியிட்டார். பெயரைக் கேட்டுப் பாம்பு என்று பயப்பட வேண்டாம். மான்டி பைத்தான் என்னும் இங்கிலாந்து ஹாஸ்யக் கூட்டத்தாரின் பெயரிலிருந்து எடுத்தது. இதற்கு முன்னோடியாக ஏ.பி.சி. என்ற ஒரு பாஷை இருந்தது. அது நிபுணர் அல்லாதவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்றே செய்யப்பட்டதாகும். எல்லோருக்கும் எட்டவேண்டும் என்று செய்யப்பட்ட பாஷையை வைத்துக்கொண்டு, நமது பண்டிதர்கள் ஒரு புது அக்ரஹாரம் கட்டப் பார்க்கிறார்கள் என்றால் அதைவிட வேடிக்கை வேறென்ன?

மற்றொரு சங்கதி. பைத்தானின் இரண்டாம் பதிப்பில் பிரிண்ட் என்னும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது கட்டாயமாயிற்று. இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1ந் தேதியோடு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. இருந்தும் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிற பையன், புத்தகத்தில் உள்ளபடியே எழுதியும் பிழை வருகிறதே என்று தன்னையே நொந்துகொள்ளுகிறான். புத்தகம் பழையது, காலம் மாறிவிட்டது என்று அவனுக்குச் சொல்லுவாரில்லை. 1935இல் 'குடி அரசு' எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டபோது, பழைய ஏட்டில் உள்ளது என்ன ஆவது என்று கேட்டவர்கள் உண்டு. 1978இல் தமிழ்நாட்டு சர்க்காரே அதை ஏற்றுக்கொண்டது. தமிழ் அழிந்துபோய்விடவில்லை. அச்சில் இருக்கிறது என்பதற்காக ஒன்று என்றைக்கும் செல்லுபடியாகும் என்று நம்புவது, சாஸ்திரத்துக்கு எப்படியோ அப்படியே கம்ப்யூட்டர் புத்தகத்துக்கும் தப்பேயாகும்.

இனி, கேட்பவர்களுக்கும் நாம் சிலவற்றைச் சொல்லத்தான் வேண்டும். "என் புரோகிராம் ஓடவில்லை, உதவி செய்யுங்கள்" என்று மாத்திரம் கேட்பது, வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுவது போலாகும். என்ன எழுதினேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, பிழைச் செய்தி முழுவதும் என்ன, நானாக என்னென்ன செய்து பார்த்தேன் என்ற ஐந்தையும் சொல்லவேண்டும். நூறு வரி இருந்தால், பிழை போகாதபடி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பத்து வரியாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். இப்படிக் குறைத்துக்கொண்டு வரும்போதே பாதிப் பேருக்கு மேல் காரணம் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது நமது அனுபவம். இது ஒன்றும் செய்யாமல், தனக்கு இட்ட வேலையைப் பிறரையே செய்து தரச் சொல்லுவது, புரோகிதருக்குத் தட்சிணை கொடுத்துவிட்டு நமக்கு மோட்சம் கிடைத்துவிடும் என்று நம்புவதற்கு ஒப்பாகும். அதற்கு நாம் ஆதரவு கொடுக்க முடியாது.

"தினந்தோறும் ஒரே கேள்வியை நூறு பேர் கேட்டால் சம்பளமில்லாமல் பதில் சொல்லுகிறவனுக்குச் சலிப்பு வராதா?" என்றால், வரும். சலித்தவர்கள் சும்மா இருந்துவிடட்டும். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வைவதற்கு நேரமிருக்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல மாத்திரம் எப்படி நேரமில்லாமல் போகும்?

இப்போது வேறொரு புது வழி வந்திருக்கிறது. 2022ஆம் வருஷக் கடைசி முதல், எதைக் கேட்டாலும் பதில் எழுதிக் கொடுக்கிற செயற்கை அறிவு யந்திரங்கள் ஜனங்கள் கைக்கு வந்துவிட்டன. இவை வசவு சொல்லுவதில்லை. நடுநிசியில் கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. முகத்துக்குப் பயந்து கேட்காமலிருந்த கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம் என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் அவை தப்பையும் சரியைப் போலவே தைரியமாகச் சொல்லுகின்றன. இல்லாத கட்டளையை இருப்பதாகவும் எழுதிவிடுகின்றன. "சாஸ்திரமே சொல்லிவிட்டது" என்று சொன்ன காலம் போய், "யந்திரமே சொல்லிவிட்டது" என்று சொல்லும் காலம் வருமானால், நாம் குருவை மாற்றினோமேயன்றிப் புத்தியை மாற்றவில்லை என்றே ஆகும். அது கொடுத்ததையும் ஓட்டிப் பார், ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார், ஏன் என்று அதனிடமே திருப்பிக் கேள், பிறகு நம்பு.

கடைசியாகப் பாஷை விஷயம். பிழைச் செய்திகள் இங்கிலீஷில் இருக்கின்றன என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய தடை. ஆனால் பைத்தானின் மூன்றாம் பதிப்பில் 'கூலி', 'மொத்தம்' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்துக்கொள்ளலாம். கட்டளைச் சொற்களே தமிழில் உள்ள எழில் என்னும் பாஷையும் உண்டாக்கப்பட்டிருக்கிறது. பாஷை எதுவானாலும், தெரிந்தவர்கள் காரணத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல எந்த சர்க்கார் உத்தரவும் வேண்டியதில்லை.

ஆகவே, தெரிந்த தோழர்களே! உங்கள் ஊர் வாசகசாலையிலோ, பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ வாரத்தில் ஒரு நாள் உட்காருங்கள். வருகிறவர்களுக்கு விடையை மாத்திரம் கொடுத்து அனுப்பாதீர்கள். காரணத்தைச் சொல்லி, அவர்கள் கையாலேயே திருத்தச் செய்யுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, இருவருமாகத் தேடுங்கள். தெரியாத தோழர்களே! கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள், புரியவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். உங்கள் கேள்வியைக் கண்டு சிரிக்கிறவனிடம், "சிரிப்பது இருக்கட்டும், காரணம் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அநேக இடங்களில் அவனுக்கும் அது தெரியாது என்பது அப்போது வெளியாகிவிடும்.