மின்னூர் முகாமின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை எப்போது?



தெற்கு சூடான், காங்கோ போர்களிலிருந்து தப்பிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உகாண்டாவில் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள். அது செல்வந்த நாடல்ல. உதவிநிதி குறைந்து அங்கேயும் அகதிகள் சிரமப்படுகிறார்கள். ஆனாலும் அந்நாட்டின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அவர்களுக்கு வேலை செய்யும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் தருகிறது. இந்தியாவில் அகதிகளுக்கென்று ஒரு தனிச்சட்டம்கூட இல்லை.

 எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆம்பூரை ஒட்டிய மின்னூர் முகாமில் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் வாழ்கின்றன. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் அலை அலையாகத் தமிழகம் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இன்று முகாம்களில்தான் வளர்கிறார்கள்.

2021இல் மாநில அரசு இந்த முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித்தரும் திட்டத்தை அறிவித்து, வேலூர் மேல்மொணவூர் முகாமில் அதற்கு அடிக்கல் நாட்டியது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த உரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது; இலங்கையைச் சேர்க்கவில்லை. இதனால் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கும் அரசு வேலையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் எட்டாமல், பலர் பெயிண்ட் அடிக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

இங்கேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்த இவர்களுக்காவது குடியுரிமை வழங்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி இதை நாடாளுமன்றத்தில் வலியுறுத்த வேண்டும்.

- ஒரு வாசகர், ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்