வடமொழி, அரபி இலாகாக்களை மூடுவதா? திறப்பதா?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள யந்திரசாலைகளில் வேலை செய்யும் தோழர்கள் சிலர், ஷிப்டு முடிந்து வந்த ஒரு மாலையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "சர்வகலாசாலைகளில் சமஸ்கிருதத்திற்கும் அரபிக்கும் தனித்தனி இலாகா வைத்து, நம் வரிப்பணத்தில் புரொபசர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, கார் செய்கிறவனுக்கும் டயர் செய்கிறவனுக்கும் இதனால் என்ன பிரயோஜனம்? இழுத்து மூடிவிட்டால் என்ன?" என்பது கேள்வி. "ஆம், மூடத்தான் வேண்டும்" என்று நாம் உடனே சொல்லிவிடுவோம் என அத்தோழர்கள் எதிர்பார்த்தார்கள் போலும். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை எழுதவே இவ்வியாசம்.

முதலில் அத்தோழர்கள் குடியிருக்கும் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர் என்பதும், அவர் பிறந்தது 1017ஆம் ஆண்டு என்று சொல்லப்படுவதும் யாவரும் அறிந்ததே. அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி நின்று, குரு இரகசியமாகச் சொன்ன மந்திரத்தைச் சாதி பாராமல் எல்லோருக்கும் உரக்கச் சொன்னார் என்ற கதையும் யாவரும் அறிந்ததே. அது மேடையில் பேசப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. சமத்துவத்திற்கு அத்தாட்சியாகக் காட்டப்படுகிறது. சரி. ஆனால் அவர் எழுதியவை என்று வைணவர்களே ஒப்புக்கொள்ளும் ஒன்பது நூல்களும் எந்தப் பாஷையில் இருக்கின்றன? ஒன்பதும் சமஸ்கிருதத்தில்! அவற்றில் தலையாய ஸ்ரீபாஷ்யத்தில், சூத்திரனுக்கு உபநிடதங்கள் கூறும் பிரம்ம வித்தையில் அதிகாரம் உண்டா என்ற கேள்வியை எடுத்து, பக்கம் பக்கமாக வாதம் செய்து, அதிகாரம் இல்லை என்றே முடிக்கிறார். வேதம் படிக்கும் உரிமை அவனுக்கு இல்லை; ஆகையால் அதன் முடிவை ஆராயும் உரிமையும் இல்லை என்பது அவர் நியாயம்.

இதன் சூட்சுமத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சமத்துவக் கதை நமக்குத் தெரிந்த பாஷையில் இருக்கிறது. சட்டமோ நமக்குத் தெரியாத பாஷையில் இருக்கிறது! கதையைக் கேட்டுக் கைகூப்பியவன், சட்டத்தைப் படித்தவனிடம் போய் "இது என்ன ஐயா?" என்று கேட்க முடியாமல் ஆயிரம் ஆண்டு கழிந்துவிட்டது. இந்த நிலையில் சமஸ்கிருத இலாகாவை மூடு என்று நாமே சொன்னால், பூட்டைப் போட்டவனுக்கே சாவியையும் கொடுத்து அனுப்பியதாகாதா? அதனால்தான் மூடச் சொல்லவில்லை என்கிறோம்.

நிற்க. அரபி இலாகா எதற்கு என்பது அடுத்த கேள்வி. சென்னைச் சர்வகலாசாலையில் கீழ்நாட்டுப் பாஷைகளின் ஆராய்ச்சிக்கென்று 1927இல் இலாகாக்கள் ஏற்பட்டபோது, சமஸ்கிருதம், தமிழ் முதலியவற்றோடு அரபி, பாரசீகம், உருது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஓர் இலாகா வைத்தார்கள். அதன் தலைவராக இருந்த டாக்டர் முகம்மது உசேன் நயினார், அரபு நாட்டு பூகோள ஆசிரியர்கள் தென்னாட்டைப் பற்றி எழுதி வைத்ததையெல்லாம் தேடித் திரட்டி 1942இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார். நமது துறைமுகங்களையும் சரக்குகளையும் பழக்கவழக்கங்களையும் அயல்நாட்டான் எப்படிக் கண்டான் என்பது அதனால் தெரிந்தது. வேலை என்றால் இது வேலை.

அரபியில் எழுதியவர்களில் அல்பிரூனி என்று ஒருவர். இவர் அரபியர் அல்லர். மத்திய ஆசியாவில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்நாட்டைப் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். அப்போது ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசருக்கு வயது பதின்மூன்று இருக்கும். இந்நாட்டுப் பண்டிதர்கள் தாங்கள் அறிந்ததை வெளியே சொல்வதில் மகா கருமிகள் என்றும், தம் நாட்டிலேயே வேறு சாதியானுக்கு அதைச் சொல்லாமல் காத்துக்கொள்கிறார்கள் என்றும், அயலானுக்கோ கேட்கவே வேண்டாம் என்றும் அவர் எழுதுகிறார். இது சுயமரியாதைக்காரன் கட்டிவிட்ட பொய் அல்லவே! ஈரோட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றும் எழுதுகிறார். 628இல் பெரிய கணித நூல் செய்த பிரம்மகுப்தர், கிரகணம் எப்போது வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவர். பூமியின் நிழலும் சந்திரனின் மறைப்பும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், இராகு விழுங்கவில்லை என்று சொன்ன மற்ற கணிதர்களைக் கண்டித்து, வேதத்தையும் ஸ்மிருதியையும் சாட்சிக்கு இழுத்து, இராகுவின் பக்கமே பேசியிருக்கிறார். அறிந்தே மனச்சாட்சிக்கு விரோதமாக இவர் ஏன் இப்படிப் பேசினார் என்று அல்பிரூனி யோசித்து, கிரேக்க நாட்டுச் சாக்ரட்டீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேரும் என்று பயந்திருப்பார் போலும் என்கிறார். சமஸ்கிருதத்தில் எழுதியதை, அரபியில், கிரேக்கனை உவமை காட்டிக் கண்டிக்கிறார்! மூன்று பாஷையும் ஒரே மூளையில் சந்தித்ததனால் வெளிவந்த உண்மை இது. இன்று கிரகணத்தன்று கோயில் நடை சாத்துகிறவர்களும், கர்ப்பிணிப் பெண்களை அறைக்குள் பூட்டுகிறவர்களும், கம்ப்யூட்டரில் ஓடும் யந்திரத்துக்கு ஆயுத பூசையன்று பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறவர்களும் பிரம்மகுப்தருக்கு இருந்த பயம்கூடத் தங்களுக்கு இல்லாமலே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வெட்கக்கேடு.

அரபு தேசத்து மதக்காரர்கள் மட்டும் யோக்கியர்களா என்றால், அதுவும் இல்லை. பாக்தாதில் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்தவர்களில் தலைசிறந்த ஹுனைன் ஒரு கிறிஸ்தவர், கேட்டவர்கள் முஸ்லிம்கள், நூலோ யாருடைய மதத்தையும் சேராத கிரேக்க வைத்தியனுடையது. அவ்வளவு திறந்த மனத்தோடு தொடங்கியவர்களின் வழியிலே வந்த இபின் ருஷ்த் என்ற அறிஞரை, ஸ்பெயின் தேசத்தில் 1195 வாக்கில் நாடு கடத்தி, அவருடைய தத்துவ நூல்களைக் கொளுத்தினார்கள். அவற்றில் பல, ஹீப்ருவிலும் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டிருந்ததனால்தான் பிழைத்தன. புரோகிதன் எந்தப் பாஷை பேசினாலும் புரோகிதனே.

ஆகவே நமது சண்டை பாஷையோடு அல்ல. அந்த இலாகாக்களில் நடக்கும் காரியங்களோடுதான். ஒரு சர்வகலாசாலையின் கருத்தரங்கு அழைப்பிதழைப் பார்த்தோம். குத்துவிளக்கு ஏற்றுதல், மந்திரம் ஓதுதல், வரவேற்பு, பொன்னாடை, மறுபடி பொன்னாடை, நன்றியுரை. இன்னொரு இடத்தில் குத்துவிளக்குக்குப் பதில் வேதம் ஓதும் கிராஅத்; மற்றதெல்லாம் அதேதான். ஓதியது இன்னதென்று உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது? புரியாததைக் கேட்டுத் தலையாட்டுவதற்குக் கோயிலும் பள்ளிவாசலும் போதாதா? அதற்கு ஒரு புரொபசர் வேறு வேண்டுமா?

பணத்தின் கதை இதைவிட மோசம். 2014-15 முதல் 2024-25 வரை மத்திய சர்க்கார் சமஸ்கிருதத்திற்குச் செலவிட்டது 2,532 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா என்ற ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது 147 கோடி. 2011 ஜனக்கணக்கில் சமஸ்கிருதம் தாய்மொழி என்று எழுதிக்கொண்டவர்கள் 25 ஆயிரம் பேர்கூட இல்லை. தமிழர் ஏறத்தாழ ஏழு கோடி. இவ்வளவு பணமும் கொட்டியதில், சூத்திரனுக்கு அதிகாரமில்லை என்று எழுதிய பக்கத்தைத் தமிழில் பெயர்த்து நாலணா விலையில் சூத்திரன் கையில் கொடுக்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்கின்றோம்.

இது ஆகாத காரியமும் அல்ல. ஜஸ்டிஸ் கட்சிக் காலத்தில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த சர். ஏ.டி. பன்னீர்செல்வம், திருவையாற்றில் சமஸ்கிருதம் மட்டுமே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலேஜின் மூல சாசனத்தைத் தேடி எடுத்துப் படிக்கச் செய்தார். தருமம் செய்தவன் கல்விக்கு என்று எழுதியிருந்தானேயொழிய சமஸ்கிருதத்திற்கு மாத்திரம் என்று எழுதவில்லை என்பது தெரிந்தது. அங்கே தமிழ் நுழைந்தது. கட்டடத்தை இடிக்கவில்லை; காகிதத்தைப் படித்தார், அவ்வளவே.

ஒரகடத் தோழர்களிடம் நாம் சொன்னது இதுதான். உங்கள் பிள்ளைகளில் ஒருவன் என்ஜினியராகட்டும். மற்றொருத்தி அந்த இலாகாவில் போய்ச் சேரட்டும். சாமி கும்பிட அல்ல, படிக்க. சமஸ்கிருதமும் அரபியும் படித்து, உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்லட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஸ்ரீபாஷ்யத்தின் அந்தப் பகுதியைப் பொருளோடு தமிழில் படிக்கப் போகிறோம். பட்டாச்சாரியார்களும் தாராளமாக வரலாம். நாம் பொருளைத் தப்பாகச் சொன்னால் எழுந்து திருத்தலாம்.