பழைய இரும்பா, பாதுகாக்க வேண்டிய பொருளா?

கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்வோர் நுழைவாயிலிலேயே ஒரு கேள்வியைக் கேட்பர். "இந்த ஆண்டு புதிதாக என்ன வந்திருக்கிறது?" என்பதே அக்கேள்வி. அந்தப் புதிய விளையாட்டுக்கு இடம் கொடுக்க எது அகற்றப்பட்டது என்று கேட்போர் மிகக் குறைவு. பூங்காக்களும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. புதிய ரோலர் கோஸ்டருக்குப் பெரிய பதாகை கட்டப்படும். பழையதோ ஒரு நாள் மூடப்படும். சுற்றிலும் வேலி போடப்படும். சில வாரங்களில் அது நின்ற இடம் வெறுந்தரையாகிவிடும்.

இவ்வாறு கழற்றப்படும் எஃகு ரோலர் கோஸ்டர்கள் அனைத்தும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டுமா? அமெரிக்காவில் ஓரிடத்திலிருந்து கழற்றப்பட்டு, வேறோரிடத்தில் மீண்டும் பொருத்தப்பட்ட 'கார்க்ஸ்க்ரூ' என்னும் ரோலர் கோஸ்டரின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடை தருகிறது.

கலிபோர்னியா மாநிலத்தில் புவெனா பார்க் என்னும் ஊர் உள்ளது. அங்கு வால்டர் நாட் என்பவரும் அவருடைய மனைவி கார்டிலியாவும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட்டுச் சாலையோரத்தில் விற்று வந்தனர். 1934ஆம் ஆண்டில் கார்டிலியா பொரித்த கோழியுடன் சாப்பாடு விற்கத் தொடங்கினார். சாப்பாட்டின் சுவை பரவியது. கூட்டம் வரிசை பிடித்தது. காத்திருப்போர் சலிப்படையாமல் இருக்க, பழங்காலத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைப் போன்ற காட்சியிடத்தை வால்டர் அமைத்தார். பழத்தோட்டம் இப்படித்தான் 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்' என்னும் கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தது. கோழிச் சாப்பாட்டுக்கான வரிசையிலிருந்து ஒரு பூங்கா பிறந்தது என்பதைக் கேட்டால் இன்றும் சிரிப்பு வரும்.

அப்பூங்காவில் 1975ஆம் ஆண்டு மே மாதம் கார்க்ஸ்க்ரூ திறக்கப்பட்டது. புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருள் கம்பிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. தண்டவாளம் அந்தக் கம்பியைப் போலவே முறுக்கிக்கொண்டு செல்லும். பயணிகள் ஒரே ஓட்டத்தில் இருமுறை தலைகீழாகச் சுழன்று வருவர். நவீன காலத்தில் மக்களைத் தலைகீழாக்கிய முதல் ரோலர் கோஸ்டர் இதுவே.

'நவீன காலத்தில்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மனிதரைத் தலைகீழாகச் சுழற்றும் ஆசை மிகப் பழையது. நியூயார்க் நகரின் கோனி தீவில் 1884ஆம் ஆண்டிலேயே லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் மரத்தாலான ரோலர் கோஸ்டரை அமைத்துவிட்டார். அது மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் சென்றது. மிதிவண்டி ஓட்டும் சிறுவன் அதை எளிதில் முந்திவிடுவான்! பதினோர் ஆண்டுகள் கழித்து, அதே கோனி தீவில் முழு வட்டமாகச் சுழலும் 'ஃபிளிப் ஃபிளாப்' என்னும் வண்டி வந்தது. ஆனால், அந்த வட்டமே அதற்கு எதிரியாயிற்று. வட்டத்தின் அடிப்பகுதியில் வண்டியின் வேகம் மிக அதிகம். சமதளத்தில் வந்த வண்டி அந்த வேகத்தில் திடீரென வளைந்து மேலேறியபோது பயணிகளின் கழுத்து பெரும் அழுத்தத்துக்கு உள்ளானது. கழுத்து வலியுடன் இறங்குவோர் மீண்டும் காசு கொடுத்து ஏறுவார்களா? அந்த வண்டி நீண்ட காலம் நிலைக்கவில்லை. அடுத்து 1901ஆம் ஆண்டில் முட்டை வடிவச் சுழலுடன் வந்த வண்டி சற்று இதமாக இருந்தது. ஆனாலும், ஒரு தடவைக்குச் சிலர் மட்டுமே ஏற முடிந்ததால் வருமானம் போதவில்லை. அதன் பின்னர் பல பத்தாண்டுகளுக்குத் தலைகீழாகச் சுழற்றும் முயற்சி ஏறக்குறைய கைவிடப்பட்டது.

தடையை நீக்கியது எஃகுக் குழாய். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆரோ என்னும் நிறுவனம், டிஸ்னிலாந்தில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'மேட்டர்ஹார்ன்' ரோலர் கோஸ்டருக்குக் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளத்தை அமைத்துக் கொடுத்தது. மரச்சட்டத்தின்மேல் தட்டையான இரும்புப் பட்டையை அடித்துப் போடும் பழைய முறையில் தண்டவாளத்தை விரும்பியபடி முறுக்க முடியாது. குழாயையோ எந்தப் பக்கமும் வளைக்கலாம். அதன் மேலும், பக்கவாட்டிலும், கீழும் சக்கரங்களைப் பொருத்தலாம். மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டி, தலைகீழானாலும் தண்டவாளத்தை விட்டு விலகாது.

இந்த அடிப்படையின்மீது ஆரோ நிறுவனத்தின் பொறியாளர் ரான் டூமர் கார்க்ஸ்க்ரூவை வடிவமைத்தார். முழு வட்டத்தைக் கைவிட்டுச் சுருளைத் தேர்ந்தெடுத்ததில்தான் அதன் நுட்பம் அடங்கியுள்ளது. சுருளில் செல்லும் வண்டி, சுழலும்போதே முன்னோக்கியும் நகர்கிறது. அதனால் வளைவு நீண்டு, இதமாகிவிடுகிறது. கழுத்தை நசுக்கும் திடீர் அழுத்தம் குறைகிறது. சங்கிலி வண்டியை ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் செல்லும். அதன் பிறகு இயந்திரம் எதுவும் வண்டியைத் தள்ளுவதில்லை. புவியீர்ப்பு விசை மட்டுமே அதை மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்துக்குக் கொண்டு செல்கிறது. தண்டவாளத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 380 மீட்டர்தான். இன்றைய மாணவர்களுக்கு இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். 1975இல் வரிசையில் நின்றவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

டூமரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் எளிதில் வந்துவிடும். ஆகவே, தாம் வடிவமைத்த ரோலர் கோஸ்டர்களில் அவர் அரிதாகவே ஏறினார். பல்லாயிரம் பேரைத் தலைகீழாக்கியவர் தாம் மட்டும் தரையில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்!

கார்க்ஸ்க்ரூவின் வெற்றியைக் கண்ட மற்றப் பூங்காக்களும் அதைப் போன்றவற்றை வாங்கத் தொடங்கின. அடுத்த ஆண்டே, ஒஹாயோவிலுள்ள சீடர் பாயிண்ட் பூங்காவில் மூன்று முறை தலைகீழாகச் சுழலும் ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. அதே 1976ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர்கள் நீர்த்துளி போன்ற வடிவில் செங்குத்துச் சுழலையும் வெற்றிகரமாக அமைத்துக் காட்டினர். புதுமைகள் குவியக் குவிய, முதலாவதாக வந்தது பழையதாகிவிட்டது. 1989இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் அதனை மூடியது. அதற்குப் பதிலாக, முன்னும் பின்னும் ஓடும் 'பூமராங்' என்னும் ரோலர் கோஸ்டரை 1990இல் திறந்தது.

பெரும்பாலான எஃகு ரோலர் கோஸ்டர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். கார்க்ஸ்க்ரூவின் கதை முடியவில்லை. ஐடஹோ மாநிலத்தின் ஏதோல் என்னும் சிற்றூரில் 'சில்வர்வூட்' என்னும் பூங்கா 1988இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பூங்காவுக்குக் கார்க்ஸ்க்ரூ அனுப்பப்பட்டது. தூண்களும் தண்டவாளத் துண்டுகளும் கழற்றிக் கொண்டு செல்லப்பட்டு, மீண்டும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. 1990இல் அது அங்கே ஓடத் தொடங்கியது. அளவில் சிறியது என்ற குறையே இப்போது நிறையாக மாறியது. புதிதாகத் தொடங்கிய சிறு பூங்காவுக்கு அதைவிடப் பொருத்தமான ரோலர் கோஸ்டர் எது?

நாட்ஸ் பெர்ரி ஃபார்மைக் குறை சொல்வது நியாயமாகாது. அது கார்க்ஸ்க்ரூவை உடைத்துப் போடாமல் கைமாற்றிக் கொடுத்தது. ஆனால், இத்தகைய நல்ல முடிவுகள் தற்செயலாகவே எடுக்கப்படுகின்றன என்பதுதான் வருத்தத்துக்குரியது. வாங்குவதற்கு ஆள் கிடைத்தால் உயிர் பிழைக்கும். கிடைக்காவிட்டால் உலைக்குப் போகும். மரத்தாலான ரோலர் கோஸ்டர்களுக்கு இந்த நிலை ஓரளவு மாறியிருக்கிறது. கோனி தீவில் 1927ஆம் ஆண்டு முதல் நிற்கும் 'சைக்ளோன்' ரோலர் கோஸ்டரை நியூயார்க் நகரம் 1988இல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. பென்சில்வேனியாவில் 1902இல் கட்டப்பட்ட 'லீப் தி டிப்ஸ்' 1996இல் அமெரிக்க தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. மரம் என்றால் பழமை, பழமை என்றால் மதிப்பு என மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது போலும். எஃகைப் பார்த்தால் அந்த எண்ணம் எழுவதில்லை. தொழிற்சாலைப் பொருளுக்கு வரலாறு ஏது என்று நினைத்துவிடுகிறார்கள். தண்டவாளத்தை முறுக்கலாம் என்று முதன்முதலில் மெய்ப்பித்துக் காட்டிய பொருளுக்கு வரலாறு இல்லையென்றால், வேறு எதற்கு இருக்கும்?

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் கருத்துகளையும் ஒதுக்கிவிட முடியாது. எஃகின் முதுமை கண்ணுக்குத் தெரியாது. மரம் உளுத்தால் தட்டிப் பார்த்து அறியலாம். எஃகிலோ, ஒரே பாரம் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும்போது, பற்றவைத்த இடங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றலாம். அவற்றைக் கண்டுபிடிக்கச் சிறப்புக் கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் தேவை. அதற்குச் செலவும் ஆகும். உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் எளிதல்ல. ஆரோ நிறுவனமே 2001இல் நொடித்துப் போய், அடுத்த ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கணினியின் துணையின்றி வடிவமைக்கப்பட்ட அக்காலத் தண்டவாளங்களில் வண்டி அவ்வப்போது உலுக்கும் என்பதும் உண்மை. தோள்களின்மேல் இறங்கும் பாதுகாப்புப் பிடியில் காது இடித்துக்கொண்டதாகச் சொல்வோர் பலர்.

பாதுகாப்புக்கு மேல் எதுவும் இல்லை. சோதனையில் தேறாத ரோலர் கோஸ்டரை அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். எனினும், நிறுத்துவதும் அழிப்பதும் வேறு வேறு. ஓட முடியாததன் ஒரு வண்டியையும் தண்டவாளத்தின் ஒரு வளைவையும் நுழைவாயிலருகே வைத்து, பக்கத்தில் ஒரு தகவல் பலகையும் நட்டால் என்ன? பூங்காக்கள் புதிய ரோலர் கோஸ்டருக்குச் செய்யும் விளம்பரச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஓடக்கூடிய நிலையில் உள்ளதை உடைத்து விற்பதற்கு முன், அதனைப் பெற விரும்பும் சிறு பூங்காக்கள் உள்ளனவா என்று விசாரித்தறிவதும் பெரிய வேலையன்று. மரத்துக்கு இல்லாத ஒரு வசதி எஃகுக்கு உண்டு. மரையாணிகளைக் கழற்றினால் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்துச் செல்லலாம். பூங்காக்கள் எஃகு ரோலர் கோஸ்டரைச் சுலபமாக அகற்ற இந்த வசதியே துணைபுரிகிறது. கார்க்ஸ்க்ரூ பிழைத்ததும் இதனால்தான். இந்த அனுபவத்தை சில்வர்வூட் மறக்கவில்லை. இல்லினாய் மாநிலப் பூங்கா ஒன்றில் ஓடிய இன்னொரு எஃகு ரோலர் கோஸ்டரையும் கொண்டு வந்து, 2008இல் 'ஆஃப்டர்ஷாக்' என்னும் புதிய பெயரில் திறந்தது.

மலேசியாவுக்கும் இந்தக் கேள்வி தொலைவானதன்று. கெந்திங் மலையின் வெளிப்புறப் பூங்காவிலும் கார்க்ஸ்க்ரூ என்னும் பெயருடைய ரோலர் கோஸ்டர் ஒன்று மேகங்களுக்கிடையே ஓடியது. இன்றைய மாணவர்களின் பெற்றோர் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. அங்கு எழுந்த புதிய பூங்கா 2022இல் திறக்கப்பட்டது. புதிய பூங்காவைக் கண்டு வியக்கும் பிள்ளைகளிடம், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்லப் பெற்றோரின் நினைவும் குடும்பப் படங்களும்தான் எஞ்சியுள்ளன.

நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் கார்க்ஸ்க்ரூவின் இடத்தைப் பிடித்த பூமராங் என்னவாயிற்று? 2017இல் அதுவும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே வேறொரு ரோலர் கோஸ்டர் எழுந்தது. ஐடஹோவுக்குச் சென்ற பழைய கார்க்ஸ்க்ரூவோ, மேலும் பல ஆண்டுகள் கோடைக்காலந்தோறும் சங்கிலி சடசடக்க 21 மீட்டர் உயரத்துக்கு ஏறி, இரு சுருள்களிலும் பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றி இறக்கிவிட்டது.