அறை எண் மட்டும் போதும்

நம் சிற்றிதழ்களில் வெளியாகும் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். கோவில், மலை, சந்தை, தெருவோரச் சாப்பாடு, முன்பின் அறியாத வீட்டில் கிடைத்த உபசாரம் ஆகியவை பக்கம் பக்கமாக வரும். எழுதியவர் இரவில் எங்கே உறங்கினார் என்பது மட்டும் வராது. வந்தாலும் ஒரு வசையோடுதான் வரும். ஆன்மா இல்லாத அறை என்பார்கள். எந்த ஊரில் கண்விழித்தோம் என்றே தெரியாத அறை என்பார்கள். அந்த அறையின் சார்பில் பேச ஒருவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே நாங்கள் பேசலாம் என்று நினைக்கிறோம்.

நாங்கள் இருவர். ராஜபாளையத்தில் ஒரே பள்ளியில் படித்து, பின்னர் ஒன்றாகத் தொழில் தொடங்கியவர்கள். பஞ்சு நூலும், சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியும் எங்கள் வியாபாரம். அதன் பொருட்டுக் கடந்த இருபது ஆண்டுகளில் கொழும்பு, டாக்கா, பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹாங்காங், ஒசாகா என்று ஆசிய நகரங்களில் நாங்கள் கழித்த இரவுகளைக் கூட்டினால் சில ஆண்டுகள் தேறும். எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம், படுப்பதற்கு லாட்ஜ். முதன்முறை சிங்கப்பூர் சென்றபோது, "ஹோட்டல் பதிவு செய்தாயிற்றா?" என்று கேட்டவரிடம், "பசி இல்லை" என்று பதில் சொன்னது எங்களில் ஒருவர்தான். யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

எல்லா அறைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். இது பாதி உண்மை. அட்டையைச் செருகினால் எரியும் விளக்கு, மேசைமேல் ஒரு கெட்டில், இரண்டு பொட்டலம் காப்பித்தூள், நுனி மடித்த துவாலை ஆகியவை எங்கும் உண்டு. ஆனால் கோலாலம்பூரில் கூரையைப் பார்த்துப் படுத்தால் மக்காவின் திசையைக் காட்டும் அம்புக்குறி தெரியும். ஜப்பானில் மேசை இழுப்பறையைத் திறந்தால் விவிலியத்தோடு புத்தரின் போதனை நூலும் இருக்கும். ஹாங்காங்கில் பல கட்டடங்களின் லிப்டில் நான்காம் தளத்துக்குப் பொத்தான் இருக்காது. சீன மொழியில் நான்கு என்ற சொல்லின் ஒலி சாவு என்ற சொல்லின் ஒலியை ஒத்தது. ஆக, அறை தன் ஊரை மறந்துவிடவில்லை. தங்க வருகிறவனுடைய ஊரைத்தான் அது பெரிதாக விசாரிப்பதில்லை.

இந்த விசாரியாமையின் எல்லை எது என்று பார்க்க விரும்புவோர் ஒசாகாவுக்குச் செல்லலாம். உலகின் முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் 1979இல் அங்கேதான் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. ஒரு மனிதன் படுத்துக்கொள்ள ஒரு பெட்டி, அதற்கு ஓர் எண், அவ்வளவே. இன்னொரு எல்லை ஹாங்காங்கின் நாதன் சாலையில் இருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் தளங்கள்தோறும் சிறு சிறு விடுதிகள். அதன் லிப்டுக்குக் காத்திருக்கும் வரிசையில் ஆப்பிரிக்க வியாபாரியும் பாகிஸ்தானியரும் நேபாளியும் நம்மவரும் ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு நிற்பார்கள். அந்த நெருக்கத்தில் எவரும் எவரையும் நீ யார் என்று கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. கேட்பதற்கு நேரமும் இல்லை.

ஒரேயொரு கேள்வியை மட்டும் எல்லா வரவேற்பு மேசைகளிலும் கேட்கிறார்கள்: குடும்பப் பெயர் என்ன? நமக்கு ஏது குடும்பப் பெயர்? 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. அதன்பின் நம் நாட்டில் பெரும்பாலோர் பெயர்கள் தந்தையின் முதலெழுத்தோடு நின்றுபோயின. ஆகவே பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் தந்தையின் பெயர் இருக்கிறது. அதன் விளைவாக, அயல்நாட்டு ஹோட்டல்களில் எங்களை எங்கள் தந்தையாரின் பெயராலேயே அழைக்கிறார்கள். எங்களில் ஒருவரின் தந்தை நூற்பாலையில் வேலை பார்த்தவர். தம் இளமைக்காலத்தில் சில காப்பிக்கடைகளின் உள்ளே சென்று அமர முடியாமல் வாசலில் நின்று குடித்தவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, சிங்கப்பூரில் ஒரு காலை வேளையில், கோட்டு அணிந்த ஓர் இளைஞர் சற்றே குனிந்து, அவர் பெயருக்கு முன்னால் மிஸ்டர் என்று சேர்த்து, காலை வணக்கம் சொன்னார். அந்த ஹோட்டலுக்கு ஆன்மா இல்லை என்று யாராவது எழுதினால் எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது.

நிற்க. இதையெல்லாம் எழுதத் தூண்டியது ஓர் அயல்நாட்டுப் பயணம் அன்று. சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். ராஜபாளையத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்து, மலையடிவாரத்துக் காட்டுக்குள், ஓடைக்கரையில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோவில். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆகையால் இப்போது வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில்தான் போய்வர முடியும். நாங்கள் சென்ற அன்று மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் நீர் நிறம் மாறியது. இருந்தவர்கள் அத்தனை பேரும் கிடைத்த கூரைக்கடியில் ஒண்டினோம்.

எங்கள் பக்கத்தில் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர், தம் பேரப்பிள்ளைகளை நகர்த்தி எங்களுக்கு இடம் கொடுத்தார். துண்டால் தரையைத் துடைத்துவிட்டு, "இப்படி உக்காருங்க தம்பி" என்றார். பிறகு கேட்டார்.

"எந்த ஊரு?"

"ராசபாளையந்தான் ஐயா."

"ராசபாளையத்துல எங்க?"

தென்மாவட்டங்களில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி எங்கே போய்ச் சேரும் என்பது தெரியும். ஊர், பிறகு தெரு, பிறகு "நீங்க என்ன ஆளுக?" இதில் பகைமை ஏதும் இல்லை. சொல்லப்போனால் இது பிரியத்தின் தொடக்கம். உறவு சொல்லி அழைக்க ஒரு வழி தேடுகிறார்கள். ஆனால் எங்கள் இருவரின் பதிலும் ஒன்றன்று. ஒருவர் பதில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலரும். மற்றவர் பதில் சொன்னால் முகம் சுளிக்காவிட்டாலும் பேச்சு குறையும். நாற்பது ஆண்டு நட்பில் இதை எத்தனையோ முறை ஒன்றாகப் பார்த்திருக்கிறோம். இதைப்பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை.

பழைய விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான். சத்திரங்கள் கட்டியது பெரிய அறம் என்பதில் ஐயமில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரமும் அதற்குச் சாட்சி. எங்கள் சத்திரப்பட்டி பெயரிலேயே ஒரு சத்திரத்தைச் சுமந்திருக்கிறது. ஆனால் சோறு போட்ட இடங்களில் பல, இலை எங்கே போடுவது என்பதை முடிவு செய்ய முதலில் ஆளை விசாரித்தன. ரயில் வந்த பிறகும் அது நிற்கவில்லை. சென்னை மாகாணத்து ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது. நெடிய கிளர்ச்சிக்குப் பின்னர் 1941இல்தான் அது ஒழிந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் தன் 15ஆவது பிரிவில், கடைகளையும் உணவகங்களையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே சாதி, மதம், பால், பிறந்த இடம் காரணமாக எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு நாட்டின் சாசனம் ஹோட்டல் வாசலைப்பற்றிப் பேச நேர்ந்தது என்றால், அந்த வாசலில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்!

நகரத்து ஹோட்டலைக் களங்கமற்றதாகக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. ஆசியாவின் பேர்பெற்ற பழைய ஹோட்டல்களைக் கட்டி வளர்த்தது வெள்ளையர் உலகம். கொழும்பின் காலி முகத்திடல் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. ஆர்மேனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார்கள். 1901இல் ரங்கூனில் ஸ்டிராண்ட் ஹோட்டலைத் திறந்தார்கள். காலனியக் கால ஹோட்டல்கள் பலவற்றில் நம்மவர் மூட்டை தூக்கத்தான் நுழைந்தார்கள். ஜம்ஷெட்ஜி டாட்டா 1903இல் பம்பாயில் தாஜ் ஹோட்டலைத் திறந்ததற்குக் காரணமாக, அவரை ஒரு வெள்ளையர் ஹோட்டல் உள்ளே விட மறுத்த கதையைச் சொல்வார்கள். கதையின் உண்மையை ஐயுறுவோர் உண்டு. ஆனால் அப்படி ஒரு கதையை ஒரு நாடு முழுதும் நம்பியது என்பதே போதுமான செய்தி.

இதைவிடக் கசப்பான ஓர் உதாரணமும் உண்டு. வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் உள்ள லாட்ஜுகளில், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த தமிழர்கள் தங்குவார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் தேதி அதிகாலையில் போலீசார் அந்த லாட்ஜுகளுக்குள் புகுந்து, 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி நகரத்தை விட்டே வெளியேற்றினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. பிரதமர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகு கொழும்பில் தங்கும்போதெல்லாம், பதிவேட்டில் பெயர் எழுதும் அந்த அரை நிமிடம் எங்களுக்கு முன்போல் இருந்ததில்லை. "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வியைப் பெரியவர் கேட்டால் பேச்சு குறையும், அரசாங்கம் கேட்டால் பேருந்து வரும்.

2008 நவம்பரில் மும்பையிலும் 2019 ஏப்ரலில் கொழும்பிலும் ஹோட்டல்களுக்குள்ளேயே மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வாசலில் பெட்டியைச் சோதிப்பதையும் அடையாள அட்டை கேட்பதையும் குறைசொல்ல முடியாது. ஆனால் பாதுகாப்பின் பெயரால் கேட்கப்படும் கேள்வி எளிதில் வேறொன்றாகிவிடுகிறது. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. எங்களுக்கே ஒரு முறை, ஊர்ப்பெயர் சொல்ல விரும்பாத ஒரு நகரத்து லாட்ஜில், ஒருவரின் தெருப்பெயரை அடையாள அட்டையில் படித்த பிறகு, இருந்த அறை இல்லாமல் போயிற்று.

இன்னொரு தடையும் உண்டு, அது பணப்பை. வரவேற்பு மேசை சாதி கேட்காது, ஆனால் கடன் அட்டை கேட்கும். நாங்கள் படுத்தெழும் படுக்கையை விரித்து வைப்பவர் எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர். அவருடைய சட்டையில் பெயர் குத்தியிருக்கும். அதை வாசிக்காமலே நாங்கள் எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறோம். நீ யார் என்று கேட்கப்படாமல் இருப்பது விருந்தாளிக்கு விடுதலை. பணியாளருக்கு அது பெரும்பாலும் புறக்கணிப்பு. இதை மறைத்துவிட்டு எங்கள் வாதத்தை நிறுவிக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை.

இருந்தும், எங்கள் கட்சி இதுதான்: யாரென்று கேளாமல் ஒரு மனிதனுக்கு இரவில் கூரை கொடுப்பது நாகரிகத்தின் சின்ன சாதனை அன்று. அன்பு இல்லாமலும் அதைச் செய்யலாம் என்று நகரத்து ஹோட்டல் கண்டுபிடித்தது. அன்பு வேண்டுமென்றால் அடையாளத்தைக் கொடு என்று கேட்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு, அந்த அன்பின்மை எவ்வளவு பெரிய ஓய்வு என்பது, எந்தக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லிப் பழகியவர்களுக்குப் புரிவது கடினம்.

மழைக்கூரைக்குத் திரும்புவோம். "ராசபாளையத்துல எங்க?" என்று பெரியவர் கேட்டார் அல்லவா? நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னோம்: "ரெண்டு பேரும் ஒரே வியாபாரம் ஐயா. பாதி நாள் வெளியூர்லதான்." அவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. மருமகளிடம் சொல்லி, வாழை இலை நறுக்குகள் இரண்டில் எலுமிச்சைச் சோறு வாங்கித் தந்தார். இரண்டிலும் ஒரே அளவு. மழை விடும்வரை அவருடைய மிளகாய்த் தோட்டத்தைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நல்ல சோறு. நல்ல மனிதர். தெரிந்திருந்தாலும் தந்திருப்பார் என்றே நம்ப விரும்புகிறோம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு விலை கொடுக்கவேண்டும். அந்த விலையை ஒவ்வொரு முறையும் எங்கள் இருவரில் ஒருவரே கொடுக்கவேண்டியிருக்கிறது. அவரே மழையைப் பார்த்தபடி பேச்சை மாற்றினார். மற்றவரும் மழையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் பாங்காக் போகிறோம். அறை எண் மட்டும் கொடுப்பார்கள். இப்போதைக்கு அது போதும்.