உப்புக்காற்றின் தலையில் பழி

பழைய எந்திரங்களுக்கு இரங்கற்கட்டுரை எழுதுவது அண்மைக்காலத்தில் நம் இலக்கியச் சூழலில் தனியொரு வகைமையாகவே வளர்ந்துவிட்டது. பாம்பன் பழைய ரயில் பாலத்துக்கு எழுதினோம். அப்பாவின் ஸ்கூட்டருக்கும் தாத்தாவின் அம்பாசிடருக்கும் எழுதினோம். இப்போது துருவேறிச் செத்த சரக்கு வண்டிகளின் முறை. எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடற்கரை ஊர்களிலிருந்து எழுதப்படும் இவ்வகைக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: கடல் தின்றுவிட்டது. அதற்கு ஒரு தம்பி வாக்கியமும் உண்டு: உப்புக்காற்று யாரை விட்டது? என் சண்டை இந்த இரண்டு வாக்கியங்களோடுதான்.

திருப்புல்லாணியில் அண்மையில் ஒரு பிக்கப் வேன் காயலான் கடைக்குப் போனது. சிறிய சரக்கு வண்டிகள் தெருத்தெருவாகப் பெருகிய காலத்தில், 2006 இல் வாங்கியது. டாட்டா ஏஸ் 2005 இல் சந்தைக்கு வந்து, அதன் இனத்தையே மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. இந்த வண்டி சேதுக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மீன் ஏற்றியது. குண்டு மிளகாய் மூட்டையும் கருவேலங்கரியும் ஏற்றியது. கல்யாண வீட்டுப் பாத்திரம், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண் என்று ஊரின் நல்லது கெட்டது அனைத்தையும் சுமந்தது. விற்ற நாளில்கூட அதன் எஞ்சின் முதல் சாவியிலேயே உயிர்பெற்றது. ஆனால் சேஸிஸ் இற்றுப்போய்விட்டது. பின்தொட்டியின் தரை வழியே சாலை தெரிந்தது. ஓடக்கூடிய இதயத்தையும் உளுத்த எலும்பையும் சேர்த்து எடைபோட்டுக் காசு கொடுத்தார்கள்.

ஊர் முழுக்கச் சொன்னது அதே வாக்கியம்தான். உப்புக்காற்று.

சரி, உப்புக்காற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்பு அந்த வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்துகிறது. தகட்டின் மேல் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெயிலிலும் அந்த இடம் முழுதாகக் காய்வதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மேலேயுள்ள வண்ணப்பூச்சைக் கொப்பளமாகத் தூக்குகிறது. அந்த இடுக்கில் மறுபடியும் ஈரம் நுழைகிறது. இதுவரை இயற்கை. மறுக்கவில்லை.

ஆனால் அந்த வண்டியில் துளை விழுந்தது எங்கே? காற்று நேராக மோதும் முகப்பில் அன்று. மீன்கூடையிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணீர் தேங்கிய தொட்டியின் மூலைகளில். சேறடைத்த வடிகால் ஓட்டைகளைச் சுற்றி. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில். கண்ணுக்குத் தெரியாத பற்றவைப்பு மடிப்புகளில். அதாவது கை படாத இடங்களில். அன்றாடம் அடிப்பாகம்வரை நல்ல தண்ணீரில் கழுவி, வடிகாலைத் திறந்துவைத்து, ஆண்டுக்கொரு முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசியிருந்தால் அந்த வண்டி இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும். எந்த டிங்கரைக் கேட்டாலும் சொல்வார்.

உடனே ஓட்டுநரின் சோம்பலைக் குற்றம் சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல தண்ணீர் என்றேன் அல்லவா? அங்கேதான் இருக்கிறது கதை. இராமநாதபுரம் கடற்கரையில் நல்ல தண்ணீர் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் பண்டம். ஆழ்துளைக் குழாய் கொடுப்பது பெரும்பாலும் உவர்நீர். கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளுக்குக் காத்திருக்கும் ஒரு வீடு, அந்த நீரைச் சக்கரத்தில் ஊற்றுமா? ஆகவே வண்டி உவர்நீரில் கழுவப்படுகிறது. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். இதைக் கடல் செய்யவில்லை. நல்ல நீரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்காத ஏற்பாடு செய்தது.

தகுதிச் சான்று வாங்கும் சடங்கு இன்னொரு கதை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் பட்டறையில் என்ன நடக்கிறது? ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி வைத்து, தேய்த்து, மேலே பளபளவென்று பெயின்ட். துரு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அது தொடர்ந்து உண்ணும். நாம் பார்க்க மாட்டோம். மன்னிக்க வேண்டும், நம் இரங்கற்கட்டுரைகளையும் நான் இந்த இனத்தில்தான் சேர்ப்பேன். காரணம் கேட்க வேண்டிய இடத்தில் கண்ணீரை வைத்து மெழுகிவிடுவதும் பட்டி வேலைதான்.

கடல்தான் காரணம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் நிற்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அது கடற்கரையில் நிற்கவில்லை, கடலுக்குள்ளேயே நின்றது. மயாமிக்கு அடுத்தபடி உலகிலேயே அதிகம் அரிக்கும் இடம் என்று நம் பத்திரிகைகள் ஏதோ பதக்கம் போலத் திரும்பத் திரும்ப எழுதும் இடம் அது. அங்கே 2022 டிசம்பர் 23 அன்று போக்குவரத்து நிறுத்தப்படும்வரை, நூற்றெட்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாலம் ரயிலைத் தாங்கியது. அதே கடல், அதே காற்று. வேனின் தகடு மெலிது, பாலத்தின் உத்தரம் கனம் என்பீர்கள். உண்மை. ஆனால் சுரண்டாமலும் பூசாமலும் விட்டிருந்தால் அந்தக் கனம் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும்? பாலத்துக்கு ஆள் இருந்தது, சம்பளம் இருந்தது, சுரண்டிப் பூசுவது ஒரு வேலை என்ற ஒப்புதல் இருந்தது. வேனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

ஆனால் பாலத்தைப் பற்றி எழுதியபோதும் நாம் யாரை எழுதினோம்? 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாலத்தை இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் சீரமைத்ததை எழுதினோம். எழுத வேண்டியதே. ஆனால் அந்த 46 நாட்களுக்குப் பிறகு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல், கடலுக்கு மேலே தொங்கியபடி துருவைச் சுரண்டி வண்ணம் பூசியவர்களுக்கு எத்தனை கட்டுரை? கட்டுவதில் சாகசம் இருக்கிறது, இடிவதில் சோகம் இருக்கிறது. காப்பதில் கதை இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அதிலும் ஒரு பெருமை வேறு. 2025 ஜனவரியில் சிவகளை ஆய்வு முடிவுகள் வெளியானபோது, தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை செல்கிறது என்று மார்தட்டினோம். ஐயாயிரம் ஆண்டு இரும்பின் வாரிசுகளால் ஒரு வேனை இருபது ஆண்டு காப்பாற்ற முடியவில்லை. ஆயுதபூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம்; மற்ற நாட்களில் வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

பழசு போகட்டும், புதிது வரட்டும் என்பது எதிர்த்தரப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய வாகனக் கழிப்புக் கொள்கையின் குரல் அதுதான். 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணமும் பல மடங்கு ஏறியது. புகை கக்கும் வண்டியும் பிரேக் பிடிக்காத வண்டியும் சாலையை விட்டுப் போக வேண்டும் என்பதில் எனக்கு வழக்கில்லை. கேள்வி வேறு: தவணையில் வாங்கிய புதிய வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவப்போகிறார்கள்? புதிது என்பதற்காகத் துரு விலகி நிற்பதில்லை. பாம்பன் புதிய பாலம் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளோடும் சிறப்பு வண்ணப்பூச்சோடும் கட்டப்பட்டு 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. திறப்புக்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தம் அறிக்கையில் அரிப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. ரயில்வேக்கு எச்சரிக்க ஓர் ஆணையர் இருக்கிறார். தவணை முடிவதற்குள் தொட்டி ஓட்டையாகிவிடும் ஒற்றை வண்டிக்காரருக்கு யார் இருக்கிறார்? அவருக்கு வண்டி நினைவுச்சின்னமன்று. மகளின் கல்லூரிக் கட்டணம்.

திருப்புல்லாணியில் பிறந்த வழக்கு ஒன்று இதற்குப் பொருந்தும். இராமன் தர்ப்பைப் புல்லில் மூன்று நாள் கிடந்து கடலரசனை வேண்டினான் என்பது தலபுராணம். கடலரசன் வரவில்லை. வில்லை எடுத்த பிறகே வந்தான். அதற்குப் பின்னும் பாலம் தானாக முளைக்கவில்லை. கல் சுமக்க வேண்டியிருந்தது. நாமோ முதல் மூன்று நாளிலேயே நின்றுவிட்டோம். புல்லில் படுத்தபடி கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. மீன் இறங்குதளம் ஒவ்வொன்றிலும் வண்டி கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று. எஃப்.சி. சோதனையில் வண்டியின் மேற்பூச்சைப் பார்ப்பதோடு நிற்காமல் அடிப்பாகத்தைத் தட்டிப்பார்க்கும் ஒரு சுத்தியல். கடலோர மாவட்டங்களின் பட்டறைப் பிள்ளைகளுக்குத் துருத்தடுப்பில் முறையான பயிற்சி. இவை கிடைத்த பிறகும் ஒரு வண்டி சாகுமானால், அதை முதுமை என்று ஒப்புக்கொள்ளலாம்.

எனவே, அடுத்த இரங்கற்கட்டுரையை எழுதப்போகும் நண்பருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். வண்டியின் நிறத்தையும் ஹார்ன் ஒலியையும் எழுதுங்கள். கூடவே அதை யார் கழுவினார், எந்தத் தண்ணீரில் கழுவினார், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு அழுவதற்கு நானும் வருகிறேன்.